ஜஹாங்கீரின் ஓவியர் உஸ்தாத் மன்சூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகலாய ஓவியம் என்றதும் பலருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவது கையில் ரோஜாப்பூவுடன் பக்கவாட்டில் நிற்கும் பாதுஷா. அதே அரண்மனையில் ஒருவர் வான்கோழியையும் வரிக்குதிரையையும் பச்சோந்தியையும் வரைந்துகொண்டிருந்தார் என்று சொன்னால், "அப்படியா, யார் அவர்?" என்று கேட்பார்கள். அதைத் தொடர்ந்து வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

மன்சூர் யார்? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

அக்பர் காலத்து ஓவியக்கூடத்தில் சின்ன வேலைகளில் தொடங்கி, ஜஹாங்கீர் காலத்தில் (1605–1627) விலங்கு, பறவை, பூக்களை வரைவதில் தனக்கு நிகர் இல்லை என்று பேரெடுத்தவர். 1590 வாக்கிலிருந்து 1620களின் நடுப்பகுதிவரை அவர் வேலை செய்த தடம் கிடைக்கிறது. 'உஸ்தாத்' என்றால் ஆசான். இசைக்கலைஞர்களுக்கு இன்றும் வழங்கும் அதே சொல்தான். 'நாதிருல் அஸ்ர்' என்பது ஜஹாங்கீர் கொடுத்த பட்டம். காலத்தின் அதிசயம் என்று பொருள்.

எங்கே பிறந்தார்? குடும்பம்?

எந்த ஏட்டிலும் இல்லை. பாதுஷாவின் வல்லூறு எந்த ஆண்டில் செத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதை வரைந்தவர் எந்த ஆண்டில் பிறந்தார் என்று எழுதவில்லை. ஒரே ஒரு துப்பு உண்டு. தன் படங்கள் சிலவற்றில் 'மன்சூர் நக்காஷ்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். நக்காஷ் என்பவர் ஏட்டின் தலைப்பு, ஓரம் முதலியவற்றில் பொன்னும் நீலமுமாகக் கொடி, பூ வேலை செய்பவர். நுணுக்கமான அலங்கார வேலையில் கை பழகிய ஆள் என்பது அதிலிருந்து தெரிகிறது. பிற்காலத்தில் ஒரு பறவையின் இறகை ஒவ்வொரு இழையாக அவர் போடுவதைப் பார்த்தால் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியும்.

அரசவை ஓவியர் என்றால் தனியாக உட்கார்ந்து இஷ்டப்படி வரைவாரா?

இல்லை, அது பெரிய தொழிற்கூடம். ஹுமாயூன் பாரசீகத்திலிருந்து மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்ற இருவரை அழைத்து வந்தார். அக்பர் அவர்களின்கீழ் உள்ளூர் ஓவியர்களைக் கூட்டமாகச் சேர்த்தார். ஹம்ஸாநாமா என்ற வீரக்கதைக்கு மட்டும் துணியில் சுமார் 1,400 படங்கள், முடிக்க ஏறக்குறைய 15 ஆண்டு. அதில் இன்று எஞ்சியிருப்பது 200கூட இல்லை.

அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரி என்ற நூல் இந்தக் கூடம் எப்படி நடந்தது என்று சொல்கிறது. வாரந்தோறும் ஓவியர்களின் வேலையை மேற்பார்வையாளர்களும் எழுத்தர்களும் பாதுஷா முன் கொண்டுபோய் வைப்பார்கள். அவர் பார்த்துவிட்டு, தரத்துக்குத் தக்கபடி பரிசு கொடுப்பார், அல்லது மாதச் சம்பளத்தைக் கூட்டுவார். இந்தத் துறையில் இருந்த பலர் படைக்கணக்கில்தான் சம்பளம் வாங்கினார்கள். அதில் காலாள் கணக்கில் இருந்தவர்களுக்கு 600 முதல் 1,200 தாம் வரை என்று குறிப்பு. 40 தாம் ஒரு ரூபாய். ஆக, 15 முதல் 30 ரூபாய். தூரிகை பிடிப்பவர் பெயர் சிப்பாய்ப் பட்டியலில் இருப்பது நமக்கு வேடிக்கையாகத் தெரியலாம். அங்கே அரசுச் சம்பளம் என்றாலே படைக்கணக்குதான்.

இந்தக் கூடத்துக்குள் நுழையச் சாதியோ குலமோ தடையாக இருக்கவில்லை என்பதற்கு தஸ்வந்த் என்ற பெயரை எப்போதும் சொல்வார்கள். பல்லக்குத் தூக்கியின் மகன். சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்த பையனை அக்பர் பார்த்து அப்துஸ் சமதிடம் ஒப்படைத்தார். சீக்கிரமே முதல் வரிசை ஓவியரானார். 1584இல் மனம் பேதலித்துத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

ஒரு படத்தை ஒருவரே முழுசாக வரைவதில்லையாமே?

அக்பர் காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான். மூத்தவர் ஒருவர் கட்டமைப்பைக் கோட்டில் போடுவார். அதற்குப் பெயர் 'தரஹ்'. வண்ணம் தீட்டி முடிப்பவர் வேறொருவர், அது 'அமல்'. முக்கியமான முகங்களுக்கு மட்டும் மூன்றாவது ஆள் வருவார். யார் எதைச் செய்தார் என்று படத்தின் அடியில் எழுத்தர் சிவப்பு மையில் குறித்து வைப்பார்.

மன்சூர் தொடக்கத்தில் இந்த இரண்டாவது வரிசை ஆள். இன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், அக்பரின் ஆட்சி வரலாற்றைச் சொல்லும் அக்பர்நாமா ஏட்டில் அவர் பெயர் வண்ணக்காரராக வருகிறது.

அவருக்குத் திருப்புமுனை என்று நான் நினைப்பது பாபர்நாமா. பாபர் இந்தியாவுக்கு வந்தபோது இங்கே கண்ட யானை, காண்டாமிருகம், மயில், கிளி எல்லாவற்றையும் தன் நினைவுக்குறிப்பில் எழுதி வைத்தார். துருக்கி மொழியில் இருந்த அதை 1589இல் அப்துர் ரஹீம் கானிகானான் பாரசீகத்தில் பெயர்த்ததும், அக்பரின் கூடத்தில் படங்களோடு பிரதிகள் தயாராயின. அவற்றில் சில விலங்குப் படங்கள் மன்சூர் கையில் விழுந்தன. எழுத்தில் இருக்கும் விலங்கைப் படமாக்கும் வேலையை அவர் அங்கேதான் பழகினார்.

ஜஹாங்கீர் வந்ததும் என்ன மாறியது?

கூட்டம் குறைந்தது. அக்பருக்கு ஏடு ஏடாகக் கதைகள் வேண்டும்; போர், வேட்டை, கோட்டை முற்றுகை என்று பக்கத்துக்கு 50 பேர். ஜஹாங்கீருக்கு ஒரே ஒரு தாள், அதில் ஒரே ஒரு பொருள், ஒரே ஓவியர், அசல் மாதிரியே இருக்க வேண்டும். பலரைச் சம்பளத்திலிருந்து விடுவித்துவிட்டு, பிடித்த சிலரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முகாம் எங்கே போனாலும் அவர்களும் கூடவே போனார்கள்.

இந்த மனிதரின் ஆர்வத்தைப் புரிந்துகொள்ளாமல் மன்சூரைப் புரிந்துகொள்ள முடியாது. ஜஹாங்கீரிடம் லைலா, மஜ்னூன் என்று பெயரிட்ட ஒரு ஜோடி சாரஸ் கொக்கு இருந்தது. அவை இணைவதை, முட்டையிடுவதை, யார் எப்போது அடைகாக்கிறார், யார் காவல் நிற்கிறார் என்பதை எல்லாம் பார்த்து எழுதியிருக்கிறார். 34 நாளில் குஞ்சு பொரித்ததாகக் கணக்கு வைத்திருக்கிறார். குடிப்பார், அபின் எடுப்பார், கோபம் வந்தால் கொடூரமாகத் தண்டிப்பார். அதே ஆள்தான் கொக்கின் பக்கத்தில் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இந்த ஆர்வத்துக்கு ஒரு குரூரமான முகமும் உண்டு. 1618இல் இனாயத் கான் என்ற அரசவைக்காரர் அபினாலும் குடியாலும் எலும்பும் தோலுமாகிச் சாகக் கிடந்தார். ஜஹாங்கீர் அவரைத் தூக்கிவரச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மெலிவைக் கண்டதே இல்லை என்று வியந்து, ஓவியர்களை வரையச் சொன்னார். அந்தப் படம் இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது, கோட்டோவியம் பாஸ்டனில். அதை வரைந்தவர் மன்சூர் இல்லை. ஆனால் வரையச் சொன்ன கண் ஒன்றுதான்.

வான்கோழிப் படத்தின் கதை என்ன?

1612இல் நடந்தது. காம்பே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகர்ரப் கானை ஜஹாங்கீர் கோவாவுக்கு அனுப்பினார். போர்த்துகீசியர்களிடம் அபூர்வமாக எது இருந்தாலும், என்ன விலை கேட்டாலும் வாங்கிவா என்பது உத்தரவு. அவர் கொண்டுவந்தவற்றில் வான்கோழியும் இருந்தது. அமெரிக்கப் பறவை; போர்த்துகீசியக் கப்பல்களின் வழியே கோவாவுக்கு வந்து சேர்ந்தது.

ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் அதை வர்ணிக்கும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. உடம்பு பெண்மயிலைவிடப் பெரிது, ஆண்மயிலைவிடச் சிறிது. தலையும் கழுத்தும் நொடிக்கு ஒரு நிறம். ஆசை வந்தால் பவளம் பதித்ததுபோல் சிவக்கிறது, கொஞ்ச நேரத்தில் பஞ்சுபோல் வெளுக்கிறது, சில சமயம் நீலப்பச்சைக் கல்லின் நிறம். மூக்கின் மேல் தொங்கும் சதை யானைத் துதிக்கைபோல், அதைத் தூக்கிக்கொண்டால் காண்டாமிருகக் கொம்புபோல். பெயர் தெரியாத ஒன்றைத் தெரிந்தவற்றோடு ஒட்டவைத்துச் சொல்லும் முறை இது. மயிலாட வான்கோழி ஆடிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, தோகையை மயில்போல விரித்து ஆடுகிறது என்று அவரும் எழுதியிருப்பதைப் படிக்கும்போது சிரிப்பு வரும்.

அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார். என் கொள்ளுத்தாத்தா பாபர் விலங்குகளை எழுத்தில் மட்டும் வைத்தார், ஓவியர்களை வரையச் சொல்லவில்லை. நான் எழுதியும் வைக்கிறேன், வரையவும் சொல்கிறேன். கேட்டு வரும் வியப்பு பார்த்தும் பெருகட்டும். பாபர்நாமாவுக்கு விலங்கு வரைந்து பழகிய மன்சூரின் கைக்கே இந்த வேலை வந்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

அந்தப் படம் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நொடிக்கு ஒரு நிறம் மாறும் கழுத்தை ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது? மன்சூர் நீலத்தையும் சிவப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தச் சதையின் சுருக்கத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டிவிட்டார். ஜஹாங்கீரின் பத்தியைப் படித்துவிட்டு அதைப் பாருங்கள், ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லும்.

வரிக்குதிரையை உண்மையிலேயே பெயின்ட் அடித்தது என்று நினைத்தார்களா?

ஆமாம். 1621இல் மீர் ஜாஃபர் என்பவருடன் வந்த துருக்கியர்கள் அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியப் பகுதியிலிருந்து, கொண்டுவந்த விலங்கு. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை, காது முதல் குளம்பு வரை இடத்துக்குத் தக்கபடி கறுப்புக் கோடுகள், கண்ணைச் சுற்றி மெல்லிய கோடு. இப்படி ஒரு பிராணி இருக்கவே முடியாது, யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அரண்மனையில் சிலர் சந்தேகப்பட்டார்கள். நன்றாக ஆராய்ந்த பிறகுதான் கடவுள் படைத்ததே இப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். விதி என்ற ஓவியன் விசித்திரத் தூரிகையால் உலகம் என்ற தாளில் விட்டுப்போன வேலை என்று ஜஹாங்கீர் எழுதுகிறார்.

மன்சூரின் படத்தில் அந்த வரிக்குதிரை கடிவாளமும் கயிறுமாக, வெறும் தரையில், பக்கவாட்டில் நிற்கிறது. பின்னணியில் மலையோ மரமோ இல்லை. ஓரத்தில் ஜஹாங்கீர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: துருக்கியர்கள் மீர் ஜாஃபருடன் அபிசீனியாவிலிருந்து கொண்டுவந்த கோவேறு கழுதை, சாயலை எடுத்தவர் நாதிருல் அஸ்ர் உஸ்தாத் மன்சூர், ஹிஜ்ரி 1030, ஆட்சியின் 16ஆம் ஆண்டு. அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டிய எல்லாத் தகவலும் இருக்கிறது. வரிக்குதிரை மட்டும் இங்கே தங்கவில்லை. பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு அனுப்பும் பரிசுகளில் அதையும் சேர்த்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது தாள்தான்.

உயிரோடு இருப்பதைப் பார்த்தா வரைந்தார், செத்ததை வைத்தா?

இரண்டும் உண்டு. சில சமயம் அவருக்குக் கிடைத்த நேரம் மிகவும் குறைவு.

1619இல் ஷா அப்பாஸ் அழகான ஒரு வல்லூறை ஜஹாங்கீருக்கு அனுப்பினார். கொண்டுவந்த வேட்டை அதிகாரியின் கவனக்குறைவால் வழியில் ஒரு பூனை அதைக் கடித்துக் குதறிவிட்டது. அரண்மனைக்கு வந்து ஒரு வாரத்துக்குமேல் அது பிழைக்கவில்லை. அதன் இறக்கையிலும் முதுகிலும் விலாவிலும் இருந்த கறுப்புப் புள்ளிகளின் அழகை என்னவென்று எழுதுவேன் என்று புலம்பிவிட்டு, மன்சூரை அதன் சாயலை வரைந்து பாதுகாக்கச் சொன்னதாக எழுதுகிறார்.

அடுத்த ஆண்டு காஷ்மீரில் ஓர் ஓடைக்கரை. தண்ணீருக்குள் முங்கி, கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்து, வேறோர் இடத்தில் எழும்பும் ஒரு சின்னப் பறவையை ஜஹாங்கீர் பார்த்தார். இது வாத்துபோல் நீர்ப்பறவையா, தரைப்பறவையா? கால்விரலில் சவ்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிடித்துவாருங்கள் என்றார். இரண்டு பிடித்தார்கள். ஒன்று உடனே செத்தது, மற்றது ஒரு நாள் இருந்தது. சவ்வு இல்லை என்று தெரிந்தது. மன்சூரை வரையச் சொன்னார்.

ஒரு நாள்! அந்த ஒரு நாளில் அவர் வண்ணப்படத்தை முடித்திருக்க முடியாது. கோட்டுப்படமும் நிறக்குறிப்பும் அப்போது, மெருகேற்றிய படம் பிறகு நிதானமாக என்றுதான் வேலை போயிருக்கும் என்பது என் ஊகம். கூண்டுப் பறவையையும் கட்டிப்போட்ட விலங்கையும் பார்த்து வரைந்ததால்தானோ என்னவோ, அவருடைய படங்களில் வேகம் அதிகம் தெரியாது. பறக்கும் பறவையை அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். நிற்கும் பறவையில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பூக்களும் வரைந்தாராமே?

அதே 1620 காஷ்மீர் பயணத்தில். காஷ்மீரின் பூக்களைக் கணக்கிட முடியாது, மன்சூர் வரைந்தவை மட்டும் 100க்கு மேல் என்று ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். அவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவே நம் கைக்கு வந்திருக்கின்றன. பலரும் பார்த்திருப்பது அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள செந்நிறத் துலிப். ஐரோப்பியத் தாவர நூல்களின் அச்சுப்படங்கள் பாதிரியார்கள் மூலம் அரண்மனைக்கு வந்திருந்தன. ஒரு செடியைத் தனியாக நிறுத்தி, மொட்டு, மலர், இலை எல்லாம் தெரிய வரைவது அவற்றின் முறை. மன்சூரின் துலிப்பிலும் அந்தச் சாயல் இருக்கிறது. அப்புறம் ஷாஜஹான் காலத்தில் இதே தனிச்செடி வடிவம் ஏட்டின் ஓரங்களுக்கும் கம்பளங்களுக்கும் பரவி, தாஜ்மஹாலின் சுவர்ப் பளிங்கிலும் ஏறிவிட்டது.

டோடோவை வரைந்தவர் இவர்தானா?

இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். படம் ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது, 1950களில்தான் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. கையெழுத்து இல்லை. பாணியை வைத்து மன்சூர் என்கிறார்கள். இணையத்தில் "மன்சூர் வரைந்த டோடோ" என்று உறுதியாகப் போட்டுவிடுகிறார்கள். 'மன்சூருடையதாகக் கருதப்படுவது' என்பதுதான் சரி.

மொரீஷியஸ் தீவில் மட்டும் வாழ்ந்த பறக்காத பறவை டோடோ. 17ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே அடியோடு அழிந்துபோனது. இந்தியாவுக்கு எப்படி வந்தது என்றால், கப்பலில். பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணி சூரத்தில் இரண்டு டோடோக்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அவர் அங்கே இருந்தது 1628க்குப் பிறகு. உயிருள்ள டோடோவைப் பார்த்து வண்ணத்தில் வரைந்த படங்கள் உலகத்திலேயே மிகச் சில. அதனால் அதன் நிறம், அலகு, உடல்வாகு பற்றிப் பேசும்போதெல்லாம் விலங்கியலாளர்கள் இந்தப் படத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.

இதை நம்பலாம் என்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எளிது. டோடோவைச் சுற்றி வேறு சில பறவைகளும் இருக்கின்றன. அவற்றில் பட்டைத்தலை வாத்தும் ஒன்று. குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வருமே, அதேதான். நமக்குத் தெரிந்த அந்தப் பறவைகள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும்போது, நடுவில் நிற்கும் தெரியாத பறவையும் அசலாகத்தான் இருக்கும்.

சைபீரியக் கொக்கு?

மன்சூர் வரைந்த அந்தக் கொக்கின் படம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அறிவியலில் பீட்டர் பல்லாஸ் இந்தக் கொக்கை முறைப்படி வர்ணித்துப் பெயரிட்டது 1773இல். இந்தப் படம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது. வங்க வரகுக்கோழியின் படமும் அதே அருங்காட்சியகத்தில் உண்டு. சைபீரியக் கொக்குகள் குளிர்காலத்தில் ராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்தன. 2002க்குப் பிறகு அங்கே அவற்றைக் காணவில்லை.

'நாதிருல் அஸ்ர்' பட்டம் அவருக்கு மட்டும்தானா?

கிட்டத்தட்ட அதே பொருளில் 'நாதிருஸ் ஸமான்' என்ற பட்டம் அபுல் ஹசனுக்கு. ஹெராத்திலிருந்து வந்த ஆகா ரிஸாவின் மகன். அரண்மனை நிழலிலேயே வளர்ந்தவர். 1618இல் ஜஹாங்கீர் இருவரையும் சேர்த்துப் புகழ்ந்து, என் தந்தை காலத்திலும் என் காலத்திலும் இந்த இருவருக்கு மூன்றாவது ஆள் இல்லை என்று எழுதினார். கூடவே தன்னையும் விட்டுவைக்கவில்லை. எந்தப் படத்தைக் காட்டினாலும் பெயர் பார்க்காமல் யார் வரைந்தது என்று சொல்லிவிடுவேன், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் மட்டும் வேறொருவர் போட்டிருந்தால் அதையும் கண்டுபிடிப்பேன் என்கிறார். இந்தப் பெருமையில் பாதியாவது உண்மையாக இருக்கும் என்றே தோன்றுகிறது.

பட்டங்கள் ஒன்றுபோல் இருப்பதால் பின்னால் வந்தவர்களுக்குக் குழப்பம். பிரிட்டிஷ் நூலகத்தில் சினார் மரத்தில் அணில்கள் ஓடும் புகழ்பெற்ற படம் ஒன்று இருக்கிறது. பாணி அபுல் ஹசனுடையது என்பார்கள். பின்பக்கக் குறிப்போ மன்சூரின் பட்டத்தைச் சொல்கிறது. இருவரும் சேர்ந்து செய்திருக்கலாம் என்பவர்களும் உண்டு.

எதைக் கொண்டு வரைந்தார்கள்?

தாள்களை ஒட்டி அட்டைபோல் ஆக்கி, அகேட் கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்குவார்கள். வரைபடத்தைப் பெயர்த்து எடுக்க மெல்லிய மான்தோல். கோட்டின்மேல் ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டினால் அடியில் உள்ள தாளில் உருவம் இறங்கும். கோலப்பொடி அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். தூரிகை அணில் வால் மயிர், அதைப் பறவை இறகின் தண்டில் செருகிக் கட்டுவார்கள்.

நிறங்களில் பல நம் சித்த மருந்துக்கடைப் பெயர்கள்தான். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், நீலத்துக்கு அவுரி. இன்னும் உயர்ந்த நீலம் வேண்டுமென்றால் ஆப்கானிய பதக்ஷான் மலையிலிருந்து வரும் லாபிஸ் லசூலிக் கல்லை அரைப்பார்கள். வெள்ளைக்கு ஈயவெள்ளை. ஒட்டுவதற்குக் கருவேலம் பிசின். பொன் தகட்டையும் அரைத்து வண்ணமாக்குவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் படத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்திலிருந்து கல்லால் தேய்ப்பார்கள். வண்ணம் தாளோடு ஒன்றிப்போய் எனாமல்போல் மின்னுவது அதனால்தான்.

மனிதர்களை வரையவே இல்லையா?

வரைந்திருக்கிறார். இளமையில் வரைந்த ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்பர் அவையின் வீணைக் கலைஞர் நௌபத் கான், தோளில் ருத்ர வீணையோடு. இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகள் கொண்ட வடநாட்டு வீணை. நம் தஞ்சாவூர் வீணையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

இஸ்லாத்தில் உயிருள்ள உருவங்களை வரையக்கூடாது என்பார்களே?

அரண்மனையிலேயே அந்தக் கேள்வி இருந்தது. அக்பர் சொன்ன பதிலை அபுல் ஃபசல் பதிந்திருக்கிறார். அதன் சாரம் இது: ஓவியத்தை வெறுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. உறுப்பு உறுப்பாக ஓர் உயிரை வரைந்து முடித்த ஓவியன், அதற்கு உயிர் கொடுக்கத் தன்னால் முடியாது என்பதை உணர்கிறான். உயிர் கொடுப்பவனை நினைக்காமல் அவனால் இருக்க முடியாது.

மன்சூர் பெயர் போட்ட படங்கள் எல்லாம் அசலா?

இல்லவே இல்லை. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பழைய முகலாயப் படங்களைப் பார்த்து ஏராளமான நகல்கள் செய்தார்கள். பெயரையும் முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். லண்டனுக்குப் போன சில ஆல்பங்களில் அசலும் நகலும் கலந்தே இருக்கின்றன. நகல் எடுப்பது அந்தக் கூடங்களின் அன்றாடத் திறமை. 1616இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ தன்னிடமிருந்த சிற்றோவியம் ஒன்றை ஜஹாங்கீரிடம் காட்டினார். இதேபோல் என் ஆட்கள் செய்துவிடுவார்கள் என்று ஜஹாங்கீர் பந்தயம் கட்டினார். சில வாரம் கழித்து ஓர் இரவு, ஒரே பலகையில் ஆறு படங்களை ஒட்டிக் காட்டினார். ஐந்து நகல், ஒன்று அசல். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எது தன்னுடையது என்று கண்டுபிடிக்கத் திணறிப்போனதாக ரோவே எழுதியிருக்கிறார்.

கடைசியில் அவர் என்ன ஆனார்?

1620களின் நடுவில் அவர் தடம் நின்றுவிடுகிறது. ஜஹாங்கீர் 1627இல் காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். அடுத்து வந்த ஷாஜஹானுக்குக் கட்டடமும் ரத்தினமும் அவைக் காட்சியும்தான் விருப்பம். ஓடைக்கரையில் நின்று பறவையின் காலில் சவ்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பாதுஷா அப்புறம் வரவில்லை.

ஒரே ஒரு படத்தை மட்டும் பார்க்க நேரம் இருந்தால்?

எல்லோரும் வரிக்குதிரையைச் சொல்வார்கள். நான் பச்சோந்தியைச் சொல்வேன். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் வின்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது, இணையத்தில் பெரிதாக்கியே பார்க்கலாம். பெரும்பாலும் கோடும் கொஞ்சம் பச்சையும், அவ்வளவுதான். கிளையை இறுக்கிப் பிடித்த கால், சுருட்டிய வால், ஒரு பூச்சியை நோட்டம் விடும் கண். பெரிதாக்கிக்கொண்டே போனால் தோல் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரும். அதற்குமேல் பெரிதாக்கினால் திரைதான் மங்கும், கோடு மங்காது.